சுண்டுவிரலுக்கு விடுப்பு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரத்தைக் கண்டது. அதற்குப் பின் பல்லாயிரம் ஆண்டுகள் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, நகரப் பேருந்து அலுவலகத்தின் அட்டவணைப் பிரிவில் எட்டு மடிக்கணினிகள் வந்து இறங்கின. வரலாற்றின் இந்த மூன்றாவது மாபெரும் நிகழ்ச்சிக்குக் காரணமானவர் எங்கள் மேலாளர்.

அவரைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவரே என்னைக் கேட்டுக்கொண்டார். "உள்ளதை உள்ளபடி எழுதுப்பா. ரொம்பப் புகழாதே" என்றார். அவருடைய நேர்முக உதவியாளனான எனக்கு அவர் சொல்லை மீறிப் பழக்கமில்லை. உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

எங்கள் பிரிவின் வேலை எளியது. எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்று வாரத்துக்கு ஒரு தாள் அடித்துத் தருவோம். ஓட்டுநர்கள் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். அந்தத் தாளை இருபத்தாறு ஆண்டுகளாக அடித்து வந்தவர் எங்கள் முதுநிலைத் தட்டச்சர். எல்லாருக்கும் அவர் 'அட்டவணை அக்கா'. விசைகளைப் பார்க்கவே மாட்டார். தன் வீட்டுக்காரர் நேற்றுத் தைத்த சட்டைக்குக் காலர் சரியாக உட்காராத கதையை என்னிடம் சொல்லிக்கொண்டே, நூற்றுப் பதினாறு பேருந்துகளையும் மதியச் சாப்பாட்டுக்குள் ஊரெங்கும் அனுப்பி வைத்துவிடுவார். வீட்டுக்காரர் தையல்காரர்.

அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. "கடைசி நாள் வரைக்கும் இந்த நாற்காலிதான் தம்பி. கடைசித் தாளை அடிச்சு வச்சுட்டு, அதுல நான் போட்ட பஸ்ஸுலயே ஏறி வீட்டுக்குப் போயிடுவேன்" என்பார். மனிதர்களுக்கு இப்படியெல்லாம் சின்னச் சின்ன ஆசைகள் இருக்கின்றன. மேலாளருக்கோ பெரிய ஆசைகள்.

கணினிகளை அவர் தாமே நேரில் சென்று தேர்ந்தெடுத்தார். நானும் உடன் சென்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். மேலாளர் அதை இரண்டே விரல்களால் தூக்கிப் பார்த்தார்.

"ஒல்லியா இருக்குல்ல?"

"தபால் உறைக்குள்ள வச்சு அனுப்பலாம் சார்."

உறை கொண்டுவரச் சொல்லி வைத்துப் பார்த்தார். போனது. மேலாளரின் முகம் மலர்ந்தது. கடைக்காரர் நேர்மையான ஆள். "ஒல்லியாக்கணும்னு பட்டனெல்லாம் கொஞ்சம் நெருக்கி வச்சிருக்காங்க சார். ஒண்ணு ரெண்டு இடம் மாறியிருக்கும்" என்றார்.

"எல்லா எழுத்தும் உள்ள இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னய்யா?"

எட்டும் வந்து இறங்கிய அன்று பிரிவு முழுவதையும் கூட்டி, மேலாளர் தம் பெயரைத் தாமே தட்டச்சு செய்து இயந்திரத்தைத் தொடங்கிவைத்தார். மேலாளர் ஒற்றை விரல் வித்தகர். ஆள்காட்டி விரலை உயர்த்துவார், விசைகளின் மேல் ஒரு சுற்று சுற்றுவார், இலக்கைக் கண்டதும் குத்துவார். ஏழு எழுத்து, இரண்டு நிமிடம் பதினைந்து நொடி. கைதட்டினோம்.

"பாத்தீங்களா? பழசுக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார்.

அது உண்மை. ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு எந்த எழுத்தும் இடம் மாறுவதில்லை. இந்த உயர்ந்த சமநிலை, பத்து விரலால் அடிக்கத் தெரிந்த பாமரர்களுக்கு வாய்க்காது.

வித்தியாசங்கள் உண்மையில் இரண்டே இரண்டுதான். வலது கைச் சுண்டுவிரல் வழக்கமாகப் போய் அமர்கிற ஷிப்ட் விசையைப் பாதியாக வெட்டி, மீதி இடத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியைக் குடிவைத்திருந்தார்கள். இரண்டாவது, மேல் வலது மூலை. காலங்காலமாக அங்கே பிழையை அழிக்கும் டெலீட் விசை இருந்தது. இப்போது அங்கே இயந்திரத்தையே அணைக்கும் விசை இருந்தது. தொட்டால் போதும், திரை இருண்டுவிடும். பிழையை மட்டும் அழிப்பது பழைய முறை. பிழையோடு சேர்த்து எல்லாவற்றையும் அழிப்பது நவீன முறை.

முதல் வாரத் தாளை அக்கா அடிக்க உட்கார்ந்தார். அவருடைய சுண்டுவிரல் இருபத்தாறு வருடப் பழக்கத்தில் ஷிப்டைத் தேடிப் போய் அம்புக்குறியில் விழுந்தது. அடிக்கிற வரியை விட்டுவிட்டு எழுத்துகள் மேல்வரிக்கு ஏறிக்கொண்டன. அக்கா பார்த்துவிட்டார். பிழையை அழிக்க மேல் மூலைக்குக் கை போயிற்று. திரை இருண்டது. மறுபடி தொடங்கினார். மறுபடி இருண்டது. அறுபத்தெட்டாவது பேருந்தில் ஒரு முறை, தொண்ணூற்றிரண்டாவதில் ஒரு முறை. மாலை நாலரைக்கு மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, புது மெஷின்ல தாள் இன்னும் வரலியா?"

"வரி தானா மேல ஏறுது சார். திருத்தப் போனா அணைஞ்சிடுது."

"அப்ப திருத்தாதீங்க. அஞ்சு மணிக்கு எனக்கு அச்சுல வேணும்."

அச்சில் வந்தது. செல்லுமிடங்களில் பதினோரு வரிகள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன.

மறுநாள் காலை பதினேழாம் எண் பேருந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாற்பது நோயாளிகளை ஏற்றிக்கொண்டு நேராக மீன் சந்தைக்குப் போய் நின்றது. எக்ஸ்ரே எடுக்கக் கிளம்பிய ஒரு பெரியவர், வந்தது வந்துவிட்டோமென்று அரைக் கிலோ மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அவர் ஒருவர்தான் புகார் தரவில்லை. ஓட்டுநரை மேலாளர் அறைக்கு அழைத்தார்கள்.

"இருபது வருஷமா ஆஸ்பத்திரிக்குத்தானேய்யா ஓட்டுறே?"

"ஆமா சார்."

"பின்ன ஏன் சந்தைக்குப் போனே?"

"தாள்ல சந்தைன்னு இருந்துது சார்."

"உனக்குன்னு ஒரு மூளை கிடையாதா?"

"இருந்துது சார். போன மாசம் ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்காகத் தாள்ல இல்லாத இடத்துல நிறுத்தினேன்னு மெமோ குடுத்தீங்க. 'சொந்த புத்தியைப் பயன்படுத்தியது ஏன்'னு கேட்டிருந்தீங்க. அதுலேருந்து நான் பயன்படுத்துறதே இல்ல."

அந்த மெமோவை எழுதியவன் நான். நடையில் குறை இருந்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

அன்று மாலையே 'விரல் ஒழுங்கு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மேலாளர். உறுப்பினர் நான். முதல் அமர்வில் மேலாளர் பேசினார், நான் குறிப்பெடுத்தேன். இரண்டாம் அமர்வில் நான் அந்தக் குறிப்பைப் படித்தேன், மேலாளர் தலையாட்டினார். குழுவின் முடிவுகள் சுற்றறிக்கையாக வெளிவந்தன. அழிக்கும் தேவை ஏற்படாத வகையில் அனைவரும் தட்டச்சு செய்ய வேண்டும். விரல்கள் அலுவலக நேரத்தில் பழைய நினைவுகளில் ஈடுபடக் கூடாது. மீன் சந்தைக்குச் சென்ற பேருந்து, 'மருத்துவமனை – சந்தை புதிய இணைப்பின் சோதனை ஓட்டம்' எனப் பதிவு செய்யப்படும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் அது போலிப் பணிவாகிவிடும். பிரிவில் அந்தக் கணினியை முதல் வாரத்திலேயே வசப்படுத்திவிட்ட ஒரே ஆள் நான்தான். மேலாளர் அறைக்கு முன்னால், தடுப்புப் பலகைக்குப் பின்னால் என் மேஜை. உழைப்பின் அடையாளமாக அதன்மேல் ஒரு பெரிய கோப்பு எப்போதும் விரிந்து கிடக்கும். அங்கிருந்து பிழையே இல்லாத கடிதங்கள் கடகடவென்று வந்தவண்ணம் இருந்தன. மேலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைக் காட்டினார். "தம்பிக்கு மட்டும் எப்படி வருது? மனசு இருந்தா விரல் வரும்" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

சுற்றறிக்கை வந்த அடுத்த நாள் அக்கா என் மேஜைக்கு வந்தார். நான் கோப்பைச் சற்று இழுத்து விட்டுக்கொண்டேன்.

"தம்பி, பழைய கம்ப்யூட்டரோட கீபோர்டெல்லாம் அந்தப் பச்சை பீரோலதானே இருக்கு? ஒண்ணே ஒண்ணு குடுங்க. இதுல சொருகிக்கிட்டா போதும். எனக்கு ஒரு பிரச்சினையும் இருக்காது, ஊருக்கும் இருக்காது."

"அதெல்லாம் கழிவுப் பொருள்னு அறிவிச்சாச்சு அக்கா. எடுக்கணும்னா கோப்பு போடணும்."

"போடுங்க."

போட்டேன். 'பச்சை அலமாரியில் எட்டு பழைய விசைப்பலகைகள் உள்ளன. ஒன்றை வழங்கலாமா?' என்று எழுதி உள்ளே வைத்தேன். மேலாளர் அதைக் குழுவுக்கு அனுப்பினார். குழு, அதாவது நாங்கள், கூடியது.

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. எல்லாரும் பழசுலயே அடிச்சா, நான் புதுசு வாங்கினதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"என்னது?"

"ஒண்ணும் குடுக்க வேண்டியதில்லன்னு சொன்னேன் சார்."

கோப்பு மூடப்பட்டது. அக்காவிடம் முடிவைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் கை மாதிரியே இல்ல தம்பி. நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு பண்ணுது" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேலாளர் கையில் நொடிமானியோடு அக்காவுக்குத் திறன் தேர்வு வைத்தார். அரைப் பக்கத்தில் எட்டு வரி மேலே ஏறியது. இரண்டு முறை திரை இருண்டது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மறுதேர்வு. அதுலயும் தேறலன்னா தவறிய பொருள்கள் அறைக்குப் போயிடுங்க" என்றார் மேலாளர். பயணிகள் பேருந்தில் விட்டுப்போன குடைகளையும் டிபன் பாக்ஸ்களையும் அடுக்கிவைக்கிற அறை அது. ஜன்னல் கிடையாது. அந்த அறைக்குப் போனவர்களைத் தேடி யாரும் வந்ததில்லை, குடைகளைத் தேடியாவது சிலர் வந்திருக்கிறார்கள்.

அந்த நான்கு நாட்களில் நடந்ததைப் பின்னால் அக்காவே எனக்குச் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் தையல்கார வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு விசையையும் அளந்து குறித்துக்கொண்டார். துணி வெட்டுகிற அட்டையில் அதே அளவுக்கு ஒரு விசைப்பலகையை வரைந்து தந்தார். அடுப்பில் உலை கொதிக்க, அக்கா அட்டையின் மேல் அடித்துப் பழகினார். வீட்டுக்காரர் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பேருந்து நிறுத்தங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் சுண்டுவிரல் அடங்கவில்லை. புதன்கிழமை அவர் ஒரு கையுறையைத் தைத்தார். வலது கைக்கு மட்டும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் சேர்த்து ஒரே உறை. இனி சுண்டுவிரல் தனியாக எங்கும் போக முடியாது. ஷிப்ட் வேலை மொத்தமும் இடது கைக்கு மாறியது. வியாழக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அன்று மேலாளர் வேறொரு அலுவலகத்தில் 'மாற்றத்தை நேசிப்பது எப்படி' என்று உரையாற்றப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நாலு மணிக்கு எனக்கு வேற வேலை வந்திடுச்சுப்பா. முடிவு தெரிஞ்ச தேர்வை எதுக்கு நடத்தணும்? இடமாற்ற உத்தரவை இப்பவே அடிச்சிடுவோம். இரகசியம். நானே அடிக்கிறேன்."

தம் புதுக் கணினியில் பெயரைத் தவிர வேறெதையும் அதுவரை அவர் அடித்ததில்லை. விரலை உயர்த்தினார். சுற்றினார். குத்தினார். 'உத்தரவு' என்ற சொல்லில் ஒரு எழுத்துத் தவறியது. மேலாளருக்குத் தெரிந்த அழிக்கும் விசை உலகத்தில் ஒன்றே ஒன்று. அது மேல் வலது மூலையில் இருப்பது. குத்தினார். திரை இருண்டது.

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல சார்."

ஐந்து முறை திரை இருண்டது. பன்னிரண்டரை மணிக்கு மேலாளரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. "ஏம்பா, நீ நல்லா அடிப்பியே. இதுல உக்காந்து அடி" என்று எழுந்தார்.

அவருடைய கணினியில், அவர் கண்ணெதிரே, அந்த விசைகளில் நான் அடிப்பதா? மூளை மின்னல் வேகத்தில் ஒரு விதியை உருவாக்கியது.

"சார், இரகசிய உத்தரவை முதுநிலைத் தட்டச்சர்தான் அடிக்கணும்னு விதி இருக்கு சார்."

"அப்படியா? யாரு நம்ம முதுநிலைத் தட்டச்சர்?"

அக்கா கையுறையோடு வந்தார். தேர்வை முன்கூட்டியே வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகத்தில் நான் பல நாளாகப் பார்க்காத ஒரு தெளிவு.

"கையில என்னம்மா, காயமா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். சுண்டுவிரலுக்கு லீவு குடுத்திருக்கேன்."

மேலாளருக்கு அது புரியவில்லை. கைக்குறிப்பை என்னிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னார். அக்கா உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, கண்களைச் சுவரில் இருந்த கடிகாரத்தில் வைத்தார். நான் வாசித்தேன்.

"'அட்டவணைப் பிரிவு. இரகசியம். உத்தரவு.'"

கடகடவென்று அடித்தார். திரையில் எழுத்துகள் வரிசை கலையாமல் வந்தன.

"'புதிய கணினியில் பிழையின்றித் தட்டச்சு செய்யும் திறன் இல்லாத காரணத்தால், பணியாளர் எண் நானூற்றுப் பதினொன்று...'"

அது அக்காவின் எண். விரல்கள் நின்றன. ஒரு நொடிதான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டேன்.

"அடுத்து?" என்றார் அக்கா.

"'...இன்று பிற்பகல் முதல் தவறிய பொருள்கள் அறைக்கு மாற்றப்படுகிறார். மேற்படி பணியாளரின் விரல்கள் முன்னேற்றத்துக்கு ஒத்துழைக்க மறுத்ததைக் குழு வருத்தத்துடன் பதிவு செய்கிறது.'"

"அடுத்து?"

"அவ்வளவுதான் அக்கா."

ஒரு பக்கம், நாலு நிமிடம். ஒரு வரி ஏறவில்லை, ஒரு எழுத்து மாறவில்லை, திரை ஒருமுறைகூட இருளவில்லை. அச்சில் எடுத்தேன். மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தார். முகத்தில் மெல்ல ஒரு பெருமிதம் பரவியது. தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினார்.

"பாத்தியாப்பா? ஒரு தப்பு இருக்கா? எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! மெஷின்ல ஒரு குறையும் இல்லன்னு நான் அன்னிலேருந்து சொல்றேன், யாராவது கேட்டீங்களா?"

கையெழுத்துப் போட்டார்.

அக்கா கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். "தம்பி, முத்திரையை நேரா வைங்க. சாய்ஞ்சா அழகா இருக்காது" என்றார். நேராகத்தான் வைத்தேன்.

வாரத் தாளை இப்போது நான் அடிக்கிறேன். முதுநிலைத் தட்டச்சர் பதவியும் என்னிடம் வந்துவிட்டது. பதினேழாம் எண் பேருந்து ஆஸ்பத்திரிக்கே போகிறது. சென்ற மாதம் மேலாளருக்கு 'மாற்றத்தின் முன்னோடி' என்று பெரிய கேடயம் கொடுத்தார்கள். கேடயம் நிற்பதற்கு ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும், அந்தப் பச்சை பீரோவில் பலகை மாதிரி ஏதாவது இருக்கிறதா பார் என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கட்டுரையில் மேலாளரை நான் குறை சொல்லவில்லை என்பதை ஆண்டு மலர்க் குழு கவனிக்க வேண்டும். தமக்குத் தெரியாததை அவர் ஒருநாளும் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை, ஏனென்றால் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கட்டுரையில் பிழை ஏதும் இருக்காது. இருந்த பிழைகளை மேல் வலது மூலையில் உள்ள டெலீட் விசையால் அழித்துவிட்டேன். கோப்பில் எட்டு என்று எழுதினேனே, பச்சை அலமாரியில் அன்றைக்கு இருந்தவை ஏழுதான். அக்கா வந்து ஒன்றே ஒன்று கேட்டபோது, எட்டாவது என் மேஜையில், நான் இழுத்து விட்ட கோப்புக்கு அடியில் இருந்தது. அலமாரியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.